தோற்றுவிட்டு வருகிற பிள்ளையிடம் என்ன பேசுவது?

‘தோல்விதான் வெற்றிக்கு முதல் படி’ என்று யாராவது சொல்லி ஒரு பிள்ளையின் அழுகை நின்று நான் பார்த்ததே இல்லை. என் மகள் ஷட்டில் ஆடத் தொடங்கியதிலிருந்து போட்டி நடக்கிற அரங்கங்களில் ஓரமாக உட்கார்ந்து கிடக்கிற ஆள் நான். ஸ்கோர் எழுதுவேன், ஷட்டில் டப்பா எங்கே என்று தேடித் தருவேன், மற்ற நேரமெல்லாம் தோற்றுவிட்டு வெளியே வருகிற பிள்ளைகளையும் அவர்களை நோக்கி எழுந்து போகிற பெரியவர்களையும் வேடிக்கை பார்ப்பேன். பெரியவர்கள் வாயிலிருந்து முதலில் வருவது பெரும்பாலும் இந்த முதல் படி வசனம், இல்லாவிட்டால் ‘ரெண்டாவது செட்ல ஏன் அவ்வளவு அவசரப்பட்டே?’ என்ற கேள்வி. கேள்வியாவது பரவாயில்லை, அந்த ஆள் ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார் என்பதாவது தெரிகிறது.

முதல் படி வசனத்தில் எனக்கு என்ன பிரச்சினை என்றால், கேட்க ஆறுதலாக இருந்தாலும் அது சொல்வது இதைத்தான்: இன்று தோற்றது பரவாயில்லை, ஏனென்றால் நாளைக்கு ஜெயிப்பாய். சரி, நாளைக்கும் ஜெயிக்காவிட்டால்? பிள்ளைகள் இந்தக் கணக்கை நாம் நினைப்பதைவிட வேகமாகப் போட்டுவிடுவார்கள். நாக்அவுட் முறையில் 64 பேர் ஆடினால் முதல் சுற்றிலேயே 32 பேர் வெளியே போக வேண்டும், கடைசியில் 63 பேர் தோல்வியோடுதான் வீட்டுக்குப் போவார்கள், யார் எவ்வளவு நன்றாக ஆடினாலும் இந்த எண்ணிக்கை மாறாது. எல்லோரும் படியேறினால் எல்லோரும் மேலே போய்விடலாம் என்ற ஏற்பாடு விளையாட்டில் கிடையவே கிடையாது.

ஜெயிக்கிறவர்களுக்கும் இதே கதைதான். டென்னிஸ் வீரர் ரோஜர் ஃபெடரர் 2024ல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியின் பட்டமளிப்பு விழாவில் ஒரு கணக்குச் சொன்னார். தொழில்முறையில் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறத்தாழ 80 சதவீதத்தை ஜெயித்திருக்கிறார், ஆனால் மொத்தமாக ஆடிய புள்ளிகளில் அவர் ஜெயித்தது 54 சதவீதம்தான். பாதிக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். ஒரு புள்ளி போனதும் தலையில் கைவைத்துக்கொள்கிற பிள்ளையிடம் இந்த ஒரு எண்ணைச் சொன்னால் போதும், வேறு பெரிய தத்துவம் தேவையில்லை. (அதே ஃபெடரர் சின்ன வயதில் ராக்கெட்டை வீசி எறிந்து அழுது ஆர்ப்பாட்டம் செய்கிற பையனாக இருந்தவர் என்பதையும் சேர்த்துச் சொன்னால் இன்னும் நன்றாகக் காதில் ஏறும்.)

அடுத்து வருவது கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டன் கதை. பள்ளி அணியிலிருந்து துரத்தப்பட்டார், அழுதார், உழைத்தார், உலகை ஜெயித்தார் என்று ஒவ்வொரு பயிற்சி முகாமிலும் யாராவது ஒருவர் சொல்லிவிடுகிறார். நடந்தது அவ்வளவு நாடகமானது இல்லை. 1978ல் பதினைந்து வயதில் அவர் பள்ளியின் மூத்தோர் அணிக்கு எடுக்கப்படவில்லை, அவர் வயதிலேயே அவரைவிட நன்றாக உயரமான இன்னொரு பையனை எடுத்தார்கள், ஏனென்றால் அணிக்கு உயரம் தேவைப்பட்டது. ஜோர்டன் இளையோர் அணியில் ஆடினார். அங்கே நிறைய நேரம் களத்தில் இருந்தார், அடுத்த வருடத்துக்குள் தானும் உயர்ந்தார். வயதுக்கு ஏற்ற அணியில் ஒரு வருடம் நிறைய ஆடக் கிடைத்தது என்று இதைச் சொன்னால் கைதட்டல் விழாது, ஆனால் பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அந்த வடிவம்தான் உபயோகமானது.

கால்பந்தில் ஹாரி கேனை ஆர்சனல் கிளப் சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே விட்டுவிட்டது, ஜேமி வார்டியை ஷெஃபீல்டு வெட்னஸ்டே கிளப் 16 வயதில் விட்டது. இவையும் உண்மைதான். ஆனால் அதே மாதிரி விடப்பட்ட மற்ற பிள்ளைகளைப் பற்றி யாரும் கதை சொல்வதில்லை, அவர்கள்தான் மிகப் பெரும்பான்மை. பெரிய ஆளாக ஆகவில்லை என்றால் அந்த நிராகரிப்புக்கு அர்த்தமே இல்லையா? இந்தக் கதைகள் பிள்ளையின் மதிப்பை ஸ்கோர்போர்டிலிருந்து பிரித்து எடுப்பதே இல்லை, தீர்ப்பைப் பத்து வருடம் தள்ளிவைக்கின்றன, அவ்வளவுதான்.

இதற்குள் வயது என்ற ஒன்று இருக்கிறது, அதைப் பற்றித்தான் நான் அதிகம் யோசிக்கிறேன். ஏழு வயதுப் பிள்ளை தோற்றால் அழும், பத்து நிமிடத்தில் மறந்துவிட்டு ஓடும். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அழாமல் உட்கார்ந்திருக்கும், ஆனால் உள்ளே எதுவோ நின்றுபோயிருக்கும். ஜான் நிக்கல்ஸ் என்ற உளவியலாளர் 1970களின் இறுதியில் இதைச் சோதித்துப் பார்த்தார். சின்னப் பிள்ளைகளுக்கு முயற்சியும் திறமையும் ஒன்றுதான்: யார் அதிகம் உழைத்தார்களோ அவர்தான் கெட்டிக்காரர். ஏறத்தாழ 11, 12 வயதில்தான் இரண்டும் முழுசாகப் பிரிகின்றன. அப்போது பிள்ளைக்கு ஒரு கொடுமையான சூத்திரம் புரிகிறது. மற்றவர்கள் எட்டுகிற அதே இடத்தை எட்ட நான் அவர்களைவிட அதிகம் உழைக்க வேண்டியிருந்தால், எனக்குத் திறமை குறைவு. முழு மூச்சாக உழைத்தும் தோற்றால், எனக்குத் திறமையே இல்லை என்று நிரூபணமாகிவிட்டது.

அப்படிப் பார்க்கத் தொடங்கிய பிள்ளைக்கு உழைப்பதே ஆபத்தான காரியம். பள்ளிப் படிப்பை வைத்து மார்ட்டின் கோவிங்டன் இதை ஆராய்ந்தார், முயற்சிக்கு இரண்டு பக்கமும் கூர் உண்டு என்று காட்டினார். உழைக்காவிட்டால் வாத்தியார் திட்டுவார், உழைத்துத் தோற்றால் நானே என்னைப் பற்றி நினைப்பது உடைந்துபோகும். இரண்டுக்கும் நடுவே பிள்ளைகள் கண்டுபிடிக்கிற வழி என்னவென்றால் சாக்கு. போட்டியன்று காலையில் வயிற்றுவலி, சரியாக அன்றைக்கு ஷூவை மறந்துவிடுவது, முக்கியமான போட்டிக்கு முந்தின வாரம் பயிற்சிக்குப் போகாமல் இருப்பது, முதல் செட் போனதும் இரண்டாவதில் சிரித்துச் சிரித்துக் கோமாளித்தனமாக ஆடுவது.

‘எனக்கு இதெல்லாம் சீரியஸ் இல்லப்பா’ என்று தோளைக் குலுக்குகிற பிள்ளையைப் பார்த்துப் பல அப்பாக்கள் ‘அக்கறையே இல்லை’ என்று கத்துவார்கள். அக்கறை இல்லாத பிள்ளைக்கு வயிறு வலிக்காது. தோற்றால் ‘நான் சரியாகவே ஆடவில்லை, ஆடியிருந்தால் ஜெயித்திருப்பேன்’ என்று சொல்லிக்கொள்ள ஒரு இடம் வேண்டும் அவனுக்கு, அந்த இடத்தைத்தான் அவன் கட்டிக்கொண்டிருக்கிறான். சோம்பேறி என்று திட்டினால் அவனுக்கு உள்ளூர நிம்மதி. திறமை இல்லாதவன் என்பதைவிடச் சோம்பேறி என்ற பெயர் எவ்வளவோ மேல் இல்லையா?

அதனால்தான் பாராட்டு விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டியிருக்கிறது. 1998ல் கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் வெளியிட்ட ஆய்வு பலருக்குத் தெரிந்திருக்கும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சில புதிர்கள் கொடுத்தார்கள், முடித்ததும் சிலரிடம் ‘நீ புத்திசாலி’ என்றார்கள், சிலரிடம் ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றார்கள். அடுத்துக் கடினமான புதிர்கள், எல்லோரும் திணறினார்கள். மூன்றாவதாக மறுபடியும் எளிய புதிர்கள். புத்திசாலிப் பட்டம் வாங்கிய பிள்ளைகள் முதலில் எடுத்ததைவிடக் குறைவாக எடுத்தார்கள். அதைவிட எனக்கு உறைத்தது இன்னொன்று: முகம் தெரியாத வேறொரு பிள்ளைக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதித் தரச் சொன்னபோது, அந்தக் குழுவில் கணிசமானவர்கள் எடுத்ததைவிடக் கூட்டி எழுதினார்கள். யாரென்றே தெரியாத ஒருவரிடம்கூடத் தோற்றதைச் சொல்ல முடியவில்லை.

இதைப் படித்துவிட்டு எல்லோரும் ‘நல்ல முயற்சி, நல்ல முயற்சி’ என்று ஆரம்பித்துவிட்டார்கள். (பின்னாளில் திறமை உழைப்பால் வளரும் என்ற கொள்கையை வைத்துப் பள்ளிகளில் நடத்திய திட்டங்களின் பலன் சராசரியாகப் பார்த்தால் சிறியதுதான்.) பன்னிரண்டு வயதுப் பிள்ளை எளிய ஆட்டத்தில் தோற்றுவிட்டு வரும்போது ‘நல்ல முயற்சி’ என்றால் அதன் காதில் விழுவது ‘பாவம், உன்னால் முடிந்தது இவ்வளவுதான்’ என்பது. மேலே சொன்ன சூத்திரத்தைப் போட்டுப் பாருங்கள், புரியும். பொதுவாக எதையும் சொல்லாமல், பார்த்ததைச் சொல்வது மேல். ‘பதினெட்டு பதினெட்டில் அந்த நீளமான ரேலியில் மூன்று முறை பின்கோட்டுக்கு ஓடினாய், பார்த்தேன்.’ இதில் மதிப்பெண் இல்லை, தீர்ப்பு இல்லை, ஒரு ஆள் தன்னைக் கவனித்தார் என்ற செய்தி மட்டும் இருக்கிறது. அதற்கு ஆட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும், போனைப் பார்த்துக்கொண்டிருந்தால் இந்த வாக்கியம் வராது.

அணித் தேர்வு விஷயத்தில் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. 1985ல் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடைய சகாக்களும் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த தேதிகளை எடுத்துப் பார்த்தபோது வருடத்தின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் அளவுக்கு மீறி நிறைந்திருந்தார்கள். வயதுப் பிரிவைக் கணக்கிடத் தொடங்குகிற தேதி ஜனவரி 1 என்பதுதான் காரணம். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே பிரிவில் ஆடுகிறார்கள், ஒன்பது வயதில் பதினோரு மாதம் என்பது பெரிய வித்தியாசம், பெரியவனைத் திறமைசாலி என்று எடுக்கிறார்கள், எடுத்ததால் அவனுக்குக் கூடுதல் பயிற்சி, அதனால் அவன் நிஜமாகவே முன்னேறிவிடுகிறான். கால்பந்து உட்படப் பல விளையாட்டுகளில் இதே வடிவம் தென்படுகிறது. அது போதாதென்று வளர்ச்சி வேறு. பெண்பிள்ளைகள் சராசரியாக 12 வயதை ஒட்டியும் பையன்கள் 14 வயதை ஒட்டியும் வேகமாக உயர்கிறார்கள், ஆனால் இந்தச் சராசரிக்கு இரண்டு பக்கமும் வருடக்கணக்கில் விலகல் உண்டு. திடீரென்று கை கால் நீண்டுபோய், போன வருடம் சுலபமாக எடுத்த பந்தை இந்த வருடம் கோட்டைவிடுகிற பிள்ளை தனக்கு ஆட்டமே மறந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளும். இது உடம்பு வளர்கிற விஷயம், போகப் போகச் சரியாகும் என்று யாரும் சொல்லாததால் விளையாட்டை விட்டுப் போகிற பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சரி, பயிற்சியாளர்களிடம் வருவோம். இந்த விஷயத்தில் நான் மறுபடி மறுபடி போய்ப் படிப்பது வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரொனால்டு ஸ்மித், ஃபிராங்க் ஸ்மோல் இருவரும் 1970களிலிருந்து பேஸ்பால் ஆடும் சிறுவர்களை வைத்துச் செய்த வேலையைத்தான். களத்தோரம் உட்கார்ந்து பயிற்சியாளர் என்னென்ன செய்கிறார் என்பதை ஒவ்வொன்றாகக் குறித்தார்கள். பிள்ளை நன்றாக ஆடினால் என்ன சொல்கிறார், தப்பு செய்தால் என்ன சொல்கிறார், ஒன்றுமே சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாரா, இப்படி. திட்டுவதும் தண்டிப்பதும் மொத்தத்தில் மிகச் சிறிய பங்குதான், ஆனால் பிள்ளைகளின் மனசில் பெரிதாக நின்றது அதுதான். பயிற்சியாளர்களுக்குத் தாங்கள் எப்படி நடந்துகொள்கிறோம் என்பது சரியாகத் தெரியவே இல்லை, பிள்ளைகளுக்குத்தான் அது தெளிவாகத் தெரிந்திருந்தது.

இன்னொன்றும் கண்டார்கள். அணி ஜெயிக்கிறதா தோற்கிறதா என்பதற்கும் பிள்ளைகளுக்குப் பயிற்சியாளரைப் பிடிப்பதற்கும் பெரிதாகச் சம்பந்தமே இல்லை. ஆனால் ஜெயிக்கிற அணியில் இருந்த பிள்ளைகள், தங்கள் பெற்றோருக்குப் பயிற்சியாளரை அதிகம் பிடித்திருக்கிறது என்று நம்பினார்கள். அதாவது வெற்றி யாருக்கு முக்கியம் என்பதைப் பிள்ளைகள் நம் முகத்தைப் பார்த்தே தெரிந்துவைத்திருக்கிறார்கள்.

அப்புறம் அவர்கள் பயிற்சியாளர்களில் ஒரு பகுதியினருக்குச் சில மணி நேரம் மட்டும் வகுப்பு எடுத்தார்கள். முயற்சியையும் சரியான ஆட்டத்தையும் உடனே கவனித்துச் சொல்லுங்கள், தப்பு நடந்தால் முதலில் தெம்பு கொடுங்கள், அடுத்து அதை எப்படித் திருத்துவது என்று காட்டுங்கள், தண்டனை வேண்டாம். இவ்வளவுதான் பாடம். வகுப்புக்கு வந்தவர்களின் அணிகள் மற்ற அணிகளைவிட அதிகம் ஜெயிக்கவில்லை. ஆனால் தன்னைப் பற்றித் தாழ்வாக நினைத்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் சுயமதிப்பு அந்த அணிகளில் உயர்ந்தது. 1992ல் வெளியான இன்னொரு ஆய்வில், வழக்கமான பயிற்சியாளர்களிடம் ஆடிய பிள்ளைகளில் 26 சதவீதம் பேர் அடுத்த வருடம் திரும்பி வரவில்லை, வகுப்புக்கு வந்த பயிற்சியாளர்களிடம் ஆடியவர்களில் வராதவர்கள் 5 சதவீதம்தான். வெற்றிகளின் எண்ணிக்கை ஒன்றுதான், தோல்விகளும் அதே அளவுதான், என்றாலும் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். இளைஞர் விளையாட்டு பற்றி ஒரே ஒரு ஆய்வைத்தான் சொல்லலாம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

சுயமதிப்பு என்றதும் உடனே ‘எல்லோருக்கும் கோப்பை கொடுத்துப் பிள்ளைகளைக் கெடுக்கிறார்கள்’ என்று ஒரு சண்டை வரும். அந்தச் சண்டையில் எனக்கு ஆர்வமில்லை, பத்து வயதுக்கு மேல் எந்தப் பிள்ளையும் அந்தக் கோப்பையை நம்புவதில்லை. கலிபோர்னியா மாநிலம் 1986ல் சுயமதிப்புக்கென்றே ஒரு அரசுக் குழுவை அமைத்தது, பிள்ளைகள் தங்களைப் பற்றி உயர்வாக நினைத்தால் எல்லாப் பிரச்சினையும் தீரும் என்பது அதன் நம்பிக்கை. 2003ல் ராய் பாமிஸ்டரும் மற்றவர்களும் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் அலசிப் பார்த்து, சுயமதிப்பை ஊதிப் பெருக்கினால் திறன் கூடும் என்பதற்கு நல்ல சான்று இல்லை என்றார்கள். ஜெனிஃபர் கிராக்கர் கேட்டது வேறு கேள்வி: சுயமதிப்பு எவ்வளவு என்பதை விடுங்கள், அது எதன்மேல் நிற்கிறது? மதிப்பெண், தோற்றம், வெற்றி என்று வெளியே இருப்பதன்மேல் நின்றால் ஒவ்வொரு முடிவும் ஆளைத் தூக்கிப் போட்டு விளையாடும். வாராவாரம் போட்டிக்குப் போகிற பிள்ளைக்கு இது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பிரிட்டன் புரூவர் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1993ல் ‘விளையாட்டு அடையாளம்’ என்பதை அளந்தார்கள். நான் யார் என்ற கேள்விக்கு ‘நீச்சல் வீராங்கனை’ என்ற ஒரே பதில் இருக்கிறவளுக்குப் பயிற்சியில் ஈடுபாடு அதிகம், அது நல்லதுதான், ஆனால் காயம் பட்டாலோ தேர்வாகாமல் போனாலோ விழுகிற அடியும் பெரிது. உறவினர் வீட்டுக்குப் போனால் ‘இவதான் நம்ம சாம்பியன்’ என்றே அறிமுகம் செய்கிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். பாசத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் அந்தப் பெண்ணுக்குப் படம் வரையப் பிடிக்கும், தம்பியைச் சிரிக்கவைக்கத் தெரியும் என்பதெல்லாம் அந்த அறிமுகத்தில் வருவதே இல்லை.

ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை சிமோன் பைல்ஸ் 2021ல் டோக்கியோ ஒலிம்பிக்கின் அணி இறுதிப் போட்டியிலிருந்து நடுவில் விலகினார். காற்றில் சுழலும்போது உடம்பு எங்கே இருக்கிறது என்ற உணர்வே தப்பிப்போனது, அந்த நிலையில் குதிப்பது கழுத்தை உடைத்துக்கொள்கிற காரியம். 2024 பாரிஸில் மூன்று தங்கமும் ஒரு வெள்ளியும் வாங்கினார். இப்போது இந்தக் கதையைச் சொல்கிற எல்லோரும் பாரிஸில்தான் முடிக்கிறார்கள், அந்தப் பதக்கங்கள்தான் டோக்கியோ முடிவுக்கு மன்னிப்பு வாங்கித் தந்தன என்பது போல. பாரிஸில் அவர் ஒன்றுமே வாங்காமல் வந்திருந்தாலும் டோக்கியோவில் விலகியது சரிதான்.

தோற்ற பிறகு வீடு திரும்புகிற நேரத்தைப் பற்றி எனக்கு ஒரே ஒரு பிடிவாதம். பிள்ளை பேச ஆரம்பிக்கும்வரை ஆட்டத்தைப் பற்றி நான் பேசமாட்டேன். பசிக்கிறதா, தூங்கப் போகிறாயா, அவ்வளவுதான். அந்த நேரத்தில் உடம்பு களைத்திருக்கும், அவமானம் சூடாக இருக்கும், எந்த நுட்பமும் மண்டையில் ஏறாது. மறுநாளோ அடுத்த பயிற்சிக்கு முன்போ பிள்ளையே ஏதாவது சொல்லும், அப்போது கவனிக்க வேண்டியது தோல்விக்கு அது என்ன காரணம் சொல்கிறது என்பதை. ‘நான் எதுக்கும் லாயக்கில்ல’ என்பது ஒரு வகை, ‘இன்னைக்கு என் சர்வீஸ் வலையிலேயே விழுந்துச்சு’ என்பது இன்னொரு வகை. மார்ட்டின் செலிக்மன் குழுவினர் பெர்க்லி பல்கலைக்கழக நீச்சல் அணியை வைத்துச் சோதித்தார்கள், 1990ல் வெளியிட்டார்கள். வீரர்களை முழு வேகத்தில் நீந்தவைத்து, எடுத்த நேரத்தைவிட மோசமான ஒரு பொய் நேரத்தைச் சொன்னார்கள், கொஞ்சம் ஓய்வுக்குப் பிறகு மறுபடி நீந்தச் சொன்னார்கள். முதல் வகையாக யோசிக்கிறவர்கள் இரண்டாவது முறை மெதுவாகிவிட்டார்கள், இரண்டாம் வகையினர் தளரவில்லை. ‘எதுக்கும் லாயக்கில்ல’ என்பதோடு வாதாடினால் பிள்ளை அதற்கு இன்னும் நாலு சான்று தேடி எடுத்துவரும், அதனால் ‘எந்த இடத்தில் அப்படித் தோன்றியது?’ என்று கேட்டு அந்தப் பெரிய வாக்கியத்தைச் சின்னதாக்குவதுதான் எனக்குத் தெரிந்த வழி. சின்ன வாக்கியத்துக்குப் பயிற்சி உண்டு.

வாரக்கணக்கில் தூக்கம் கெட்டால், சாப்பாடு குறைந்தால், நண்பர்களிடமிருந்து ஒதுங்கினால், வலிக்கு மேல் வலி என்று உடம்பு தொடர்ந்து சொல்லிக்கொண்டே இருந்தால், அது பெற்றோரும் கோச்சும் பேசித் தீர்க்கிற விஷயம் இல்லை, மருத்துவரிடமோ உளவியல் ஆலோசகரிடமோ போக வேண்டும். இதில் தாமதிக்க எந்தக் காரணமும் இல்லை.

கடைசியாக, விட்டுவிடுகிறேன் என்று சொல்கிற பிள்ளை. இதற்கு எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு உண்டு: தோற்ற அன்றைக்கு எந்த முடிவும் இல்லை, ஜெயித்த அன்றைக்கும் இல்லை. நடுவில் ஒரு சாதாரண நாளில், கையில் எடுத்துக்கொண்ட போட்டிப் பருவம் முடிந்த பிறகு, அப்போதும் வேண்டாம் என்றால் வேண்டாம். அணியில் மற்ற பிள்ளைகள் நம்பி இருக்கிறார்கள் என்பதால் பருவத்தை முடிப்பது நியாயம், அதற்கு மேல் கட்டாயப்படுத்த எனக்கு உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. கட்டிய பணம் வீணாகிறதே என்பது என் கணக்கு, அவள் கணக்கு இல்லை. எங்களோடு வந்துகொண்டிருந்த ஒரு பெண் அப்படித்தான் ராக்கெட்டை வைத்துவிட்டாள். அவளுடைய அம்மா கொஞ்ச நாள் யாரிடமும் அதைப் பற்றிப் பேசவில்லை. அந்தப் பெண் இப்போதும் வார இறுதியில் வருகிறாள், ஆடுவதில்லை, சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்கோர் எழுதுகிறாள், என்னைவிட வேகமாக.